செவ்வாய் இரவு, ஒன்பது முதல் பதினொன்று வரை

ஹல்வார் தட்டில் முள்ளை இறக்குவதும்
என் மேசையில் மணி அடிப்பதும்
ஒரே நொடியில்.

நார்வேயின் வடகோடியில், துறைமுக வானொலியில்
எனக்கு வேலை இதுதான்:
நீலப் பேனா, கோடு போட்ட நோட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் ஊர்.

ஒற்றை ட்யூபா, பன்னிரண்டு நிமிடம்.
"யாராவது அந்த மாட்டுக்குக் கன்றைக் காட்டுங்களேன்"
என்கிறாள் மீன் ஆலையின் குன்வோர்.
கேலியில்லை, குரல் நடுங்குகிறது.
பனி அள்ளும் வண்டிக்காரர் டோர்லேய்ஃபோ,
"மலைச்சாலையில் என் எஞ்சின் அதற்குச் சுதி சேர்க்கிறது,
இன்னொரு தடவை போடச் சொல்."
எழுதிக்கொண்டேன்: இன்னொரு தடவை.

பல்கேரியப் பெண்கள் எட்டுப் பேர்
தொண்டையைக் கல்லில் தீட்டிப் பாடியபோது
பாதிரியார் மனைவி அழுதாராம்.
எதற்கென்று கேட்டேன்.
வைத்துவிட்டார்.
பாராட்டா, புகாரா, எந்தப் பத்தியில் எழுத?

பல் மருத்துவர் ஓட்வார் வாரம் தவறாமல் திட்டுவார்.
கடல் வானிலை அறிக்கைக்கு அடியில் டாங்கோ ஓடினால்
எந்தப் படகு ஒழுங்காகக் கரை சேரும்?
படகுக்காரர்களைக் கேட்டால்,
"அலை நாலு மீட்டரா ஐந்தா, மறந்துபோச்சு.
டாங்கோ மறக்கவில்லை."
இதுவும் புகார்தான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் நான்கு நிமிடம் எதுவுமே கேட்கவில்லை.
உறைந்த ஏரியின் ஒலிப்பதிவாம்.
அன்றுதான் அழைப்புகள் அதிகம்,
பாதிப் பேர் தங்கள் ரேடியோ பழுதென்று.
ஒரு பையன் மட்டும்:
"மூன்றாவது நிமிடத்தில் யாரோ இருமினார்கள். யார் அது?"

நீ என்ன நினைக்கிறாய் என்று
ஹல்வார் என்னைக் கேட்டதில்லை. நல்லவேளை.
ஆறு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட
முழுசாகக் கேட்டவளில்லை நான்.

போன செவ்வாய் புயல்.
ஒன்பதேகாலுக்குத் தொலைபேசிக் கம்பி அறுந்தது.
அவனுக்கு அதெல்லாம் தெரியாது,
முள்ளை இறக்கினான்:
துருப்பிடித்த கதவொன்று, கூடவே ஒரு மாண்டலின்,
பதினாறு நிமிடம்.

பல் கூசியது.
நோட்டை மூடினேன், திறந்தேன்.
பத்தாவது நிமிடத்தில் கதவு பாதி திறந்து நின்றுவிட,
மாண்டலின் தனியாக, எங்கே போவதென்று தெரியாமல்,
அதே இரண்டு தந்தியைத் தட்டிக்கொண்டே
இருக்கிறது, இருக்கிறது,
அடச்சே!

யாரிடமாவது இப்போதே சொல்லியாக வேண்டும்.
ரிசீவரை எடுத்துவிட்டேன்.
உயிரில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவன் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.
மறுபக்கமும் இருக்கிறதாம்.