இடது இடுப்பு

எடைமேடையில் நிற்க மாட்டேன் என்றது.
இர்மெலி அதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.
அப்புறம் அவளை மட்டும் நிறுத்திக் கழித்தோம்:
நாலரைக் கிலோ.
“என் எடையை உரக்கச் சொல்லாதே” என்றாள்.
குவோபியோவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
உறைந்த ஏரிமேல் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

மினியேச்சர் பின்ஷர். ஆண். மூன்று வயது.
கோப்பைகளில் பொறித்த பெயர் ருஹ்தினாஸ், இளவரசன்.
வீட்டில் நப்பி, பொத்தான்.

மயக்க ஊசிக்குப் பிறகு
நாக்கு நுனி மட்டும் வெளியே தெரிய
மல்லாந்து கிடந்தான் இளவரசன்.
பின்னங்கால்களை நேராக இழுத்து
முட்டிகளை உள்பக்கம் திருப்பி
டேப் ஒட்டினேன்.
எந்த நாயும் வாழ்நாளில் ஒருமுறைகூட
இப்படிப் படுப்பதில்லை.
எலும்பை உள்ளபடி பார்க்க
உடம்பை இல்லாதபடி கிடத்த வேண்டியிருக்கிறது.

ஈயக் கவசம். கதவு. ஆறு வினாடி.

வலது,
கிண்ணத்தில் அடங்கிய கோலிக்குண்டு.
இடது,
யாரோ கடித்துப் பார்த்து
வேண்டாமென்று வைத்த சுண்டைக்காய்.

“நொண்டவே இல்லையே” என்றாள் இர்மெலி.
மருத்துவர் தூரே ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் படத்தைப் பெரிதாக்கினார்,
பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்பதுபோல.
பிறகு அவளே சொன்னாள்:
“சோபாவிலிருந்து குதிக்குமுன்
ஒரு கணம் யோசிப்பான்.
நாங்கள் அதை நாகரிகம் என்று நினைத்தோம்.”

ஏழெட்டு மாதக் குட்டியாயிருந்தபோதே
நடந்திருக்க வேண்டும், என்றார் தூரே.
கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம்போல
அந்தச் சின்ன எலும்புத் தலைக்கு
ரத்தம் வரவில்லை. எலும்பு செத்து, நொறுங்கி,
தன் போக்கில் ஆறியிருக்கிறது.
தகப்பன் படம் சுத்தம். தாய் படம் சுத்தம்.
ஆளுக்குப் பாதியாய் ஒளித்து வைத்திருந்ததை
இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டு ஈற்று, ஒன்பது குட்டிகள்.
மூன்றாவது ஈற்று
யுவாஸ்கூலாவில் ஒரு வயிற்றில்.

“இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாமா?
கால் கொஞ்சம் கோணலாக இருந்ததோ?”
கோணலாக இல்லை. டேப் ஒட்டியது நான்.
முடிவு எதுவானாலும் பதிவேட்டுக்குப் போகும் என்ற தாளில்
படத்துக்கு முன்பே கையெழுத்திட்டிருந்தாள்.
மை நீலம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, “அனுப்பு” என்றாள்.
நாற்காலி கேட்டாள். போனை எடுத்தாள்.

ஒரே நான்கு வாக்கியம், ஒன்பது பேருக்கு.
நான்காவது ஆள் பணத்தைக் கேட்டான்.
ஐந்தாவது வீட்டில் யாரும் எடுக்கவில்லை.
ஏழாவது ஒரு சின்னப் பையன்,
அம்மா குளிக்கிறாள் என்றவன்
“நப்பிக்கு வலிக்குதா?” என்று கேட்டான்.
அன்று காலையிலிருந்து
எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி.
இர்மெலி போனை மார்போடு வைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பசங்களுக்குப் பதில் சொல்ல தூரேவுக்கு வரும்.
போனை வாங்கி அவரே சொன்னார்:
கெட்டுப்போன உருண்டையை அறுத்தெடுத்துவிடுவோம்,
மிச்சத்தைச் சதை தாங்கிக்கொள்ளும்,
நாலரைக் கிலோவுக்கு அது போதும்.
“பொத்தான் போன சட்டையைப்
போடுவதில்லையா நீ?”

தெளியும் ஊசி போட்டேன்.
கண் திறந்தது. முதலில் காது, பிறகு கழுத்து.
எழுந்து நின்றது, மூன்று காலில்.
நான்காவது
தரையை லேசாய்த் தொட்டபடி, மரியாதைக்கு.

காலையிலும் இப்படித்தான் நின்றிருக்கும்.
நாங்கள் எடைமேடையின் எண்ணைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.