இரண்டு நூல் உருண்டை

அம்மாப்பேட்டையில் பின்னிரவு என்பது
சத்தம் குறைவதல்ல, காதுக்குப் பழகிப்போவது.
சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு விசைத்தறி.
இந்தப்பக்கம் சவரிமுத்துவின் லேத்,
பகலில் அவருக்கு, பத்து மணிக்கு மேல் எனக்கு.
வாடகை என்று அவர் வாங்குவதில்லை.
அவர் மீட்டரைப் பற்றி
நானும் பேசுவதில்லை.

என் நீராவி எஞ்சின் ஒரு முழம்.
கொதிகலனும் சக்கரமும் போன தீபாவளிக்கே தயார்.
ஒரு மூட்டில் நிற்கிறது எல்லாம்:
கவர்னர் சுழன்று வால்வை இழுக்கும் இடத்தில்
ஓர் உருண்டை, அதைக் கவ்வ ஒரு கிண்ணம்.
எப்படிச் சாய்ந்தாலும் இழுப்பு போய்ச் சேர வேண்டும்.
உதடு ஏறக் கவ்வினால் சாய்மானம் குறையும்,
இறங்கினால் உருண்டை கழன்று ஓடும்.

கிண்ணம் சுலபம்.
சைக்கிள் கடை பேரிங் குண்டு ஒன்றைக்
கம்பி நுனியில் பற்றவைத்து
பாதி தேயும்வரை சாணையில் பிடித்து
சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்
வெண்கலத்தைக் குடைய ஒற்றைப் பல்.

உருண்டைதான் படுத்துகிறது.
பித்தளைக் கம்பியில் படிப்படியாய்ச் சீவி
படிகளின் முனையை மழுக்கி
இதோ உருண்டுவிட்டது என்கிறபோது
தறி அடிக்கும், தரை அதிரும்,
எலுமிச்சைத் தோல்போல் சொரசொரத்துப்போகும்.
ஆறு உருண்டை இப்படியே தகர டப்பாவுக்குள்.

ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
சக் தன் பாட்டுக்கு இன்னும் நாலு சுற்று போய் நின்றது.
ஜருகுமலை எங்கே என்று தெரியாத இருட்டு.
வடக்கே ஏற்காட்டு மலைப்பாதையில் மட்டும் விளக்கு,
அது வேறு பீடர்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்,
வாரியத்தில் உதவிப் பொறியாளன்.

வாசலில் செல்போன் வெளிச்சம். தறி ஓட்டும் பாவாயி.
"எப்பங்க வரும்?"
"முக்கால் மணி ஆகும்."
போகவில்லை. எட்டிப் பார்த்தாள்.
"என்னங்க இது, மூக்குத்தியா?"
"ஆவியில ஓடுற எஞ்சினுக்கு."
"நடுராத்திரில அந்தப் பேச்சு வேண்டாங்க."
"ரெண்டு நூல் கனம் வரணும்," என்றேன்.
"எங்கூட்டு நூலா?"
"இல்ல, இஞ்சுக்கு எட்டு."
"அடேங்கப்பா, ரொம்ப மொத்த நூலு," என்று
வெளிச்சத்தைக் கிட்டே பிடித்தாள்.

அப்போதுதான் உறைத்தது, தரை அசையாமல் இருப்பது.

இடக்கையால் சக்கைச் சுற்றினேன்.
வலக்கையில் வாய் தீட்டிய எஃகுக் குழாய்.
உருண்டையில் எங்கே வைத்தாலும்
குழாயின் வாய் முழு வட்டமாய்ப் படியும்,
படியாத இடம்தான் இன்னும் மேடு.
சாய்த்துச் சாய்த்து அலைத்தேன்.
மஞ்சள் தூள் அவள் விரலில் விழுந்தது.
வரிகள் ஒன்றொன்றாய்ப் போயின.
பிறகு செல்போனும் என் மூக்கும்
அதற்குள் தலைகீழாய்த் தெரிந்தன.

கிண்ணத்தில் வைத்து உதட்டை மெல்ல மடித்தேன்.
தண்டைப் பிடித்து ஆட்டினாள் பாவாயி,
முன்னே, பின்னே, வட்டமாய்.
இடிக்கவில்லை. லொடலொடக்கவில்லை.
"இத்தினிக்கா இத்தனை ராத்திரி?"

பதில் யோசிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
தறிகள் தடதடத்தன.
வாசலில் நின்று திரும்பினாள்:
"வியாழக்கிழமையும் நிறுத்துறீங்களாமே,
காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும்?
மீட்டர் கணக்குக் கூலிங்க எங்களுக்கு."

பராமரிப்புப் பணி.
அறிவிப்பில் கையெழுத்து என்னுடையது.
"ஆமா," என்றேன்.

எஞ்சினுக்கு இன்னும் மூன்று மூட்டு வேண்டும்.
வியாழனுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து
நாலு நாளாகிறது.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.