நாற்பத்து நான்காம் இலக்கம்

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க
கைபேசி அலற முன்னரே
நான் அதை அணைத்துவிடுவேன்.
பன்னிரண்டு ஆண்டில் ஒருநாளும்
அது என்னை எழுப்பியதில்லை.

பீல் நகரம் அந்நேரம் யாருக்கும் சொந்தமில்லை.
ஏரிப்பக்கத்துக் காற்று,
விரல்நுனி வெட்டிய கையுறை,
நூற்றெண்பத்தாறு தபால்பெட்டிகள்.
வண்டியின் இடப்பக்கம் ஜெர்மன் தாள், வலப்பக்கம் பிரெஞ்சு;
இரண்டிலும் அதே மழை, அதே தேர்தல்.
பதினேழாம் இலக்க நாய்
என்னைக் கண்டு குரைப்பதை மூன்றாம் ஆண்டே கைவிட்டது.
என்னைவிடப் புத்தியுள்ள சீவன்.

முதலில் ஏஜென்சிக் காசு.
பிறகு தங்கச்சி சுபாங்கியின் கல்யாணம், இந்த வீட்டு முற்பணம்.
எல்லாக் கடனும் தீர்ந்த மாதம்
கேக் வாங்கி வெட்டினோம்.
அடுத்த நாள் பத்து நிமிடம் குறைய மூன்றுக்கு
எழும்பிப் போனேன்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை, நானும்.
"இன்னும் ஒரு வருசம் பார்ப்பமே" என்றார் இவர்,
ஒவ்வொரு வருசமும்.
"விடாமல் செய்யிற பிள்ளை" என்றார்கள் கோயிலில்.
அந்தச் சொல்லைத் தைலம் போல
முழங்காலில் தேய்த்துக்கொண்டேன்.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
ஒரு காலைக்கு எத்தனை படி என்று கேட்டார்.
எண்ணி வைத்திருந்தேன். எழுநூற்றிருபது.
பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏழு மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை.
மாலையில் ஆரூரன் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான்,
நான் வாய் திறந்தபடி நித்திரை.
கணக்கில் தவறியதை மூன்று தரம் சொன்னானாம்.
மூன்று தரமும் நான்
"நல்லது ராசா" என்றேனாம்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய், ஈரப்பனி.
நாற்பத்து நான்காம் இலக்கத்தில் நின்று
தாளை மடித்து நீட்டினேன்.
கை போய்க்கொண்டே இருந்தது.
பெட்டி இல்லை. சுவர் இல்லை.
ஐப்பசியிலேயே இடித்த கட்டடம் அது;
அந்தத் தூசியைச் சப்பாத்திலிருந்து நானே தட்டியிருக்கிறேன்.
பட்டியலில் மட்டும் இன்னும் நிற்கிறது.
தினமும் தாண்டித்தான் போனேன்.
இன்று பார்த்து என் கை
இல்லாத வீட்டுக்குப் பேப்பர் போடுகிறது.
பள்ளத்துக்குள் விழுந்த தாள்
எழுத்தெழுத்தாய் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சிரிப்பு வந்தது.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாய் இல்லை.

விலகல் கடிதம் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
முழங்கால், டொக்டர், பிள்ளையின் கணக்கு,
நன்றி, மன்னிப்பு, மறுபடியும் மன்னிப்பு.
ஆரூரன் வாசித்தான், பேனா எடுத்தான்,
முழுவதையும் வெட்டி ஒரு வரி மிச்சம் வைத்தான்:
பெப்ரவரி முடிவோடு விலகுகிறேன்.
"காரணம் கேட்கமாட்டினம் அம்மா."
கேட்கமாட்டார்கள் என்பதுதான்
எனக்குச் சுட்டது.

தபால் நிலைய வரிசையில் நிற்கையில் யோசித்தேன்:
சமைத்துவிட்டேன், கட்டிவிட்டேன், அடைத்துவிட்டேன்.
எங்கள் பேச்சில்
விடாமல் ஒன்றும் முடிவதே இல்லை.
வாலில் ஒரு "விட்டேன்" வந்தால்தான்
செய்தது செய்து முடிந்ததாகும்.
பன்னிரண்டு ஆண்டும் நான்
செய்தேன், செய்தேன், அவ்வளவுதான்.

"பதிவுத் தபாலா?" என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள்.
ஓமென்றேன்.

மார்ச் முதலாம் நாள்
அதே பத்து நிமிடம் குறைய மூன்றுக்குக் கண் திறந்தது.
களவெடுத்தவள் போலக் கிடந்தேன்.
நாலரைக்கு எங்கள் தெருவில் வண்டி.
பின்சில்லின் கீச்சு,
இன்றைக்கு நாளைக்கென்று நான் எண்ணெய் விடாத அதே கீச்சு.
காலடி வேகமாய், இளசாய்.
எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.
புதியவனிடம் திறப்புக்கோர்வை கொடுத்தபோது
பதினேழின் நாயைச் சொன்னேன்,
வழுக்கும் படியைச் சொன்னேன்,
நாற்பத்து நான்கைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எழும்பிப் போய்ச் சொல்லலாம்.
சப்பாத்து கதவடியில்தான் இருக்கிறது.

போர்வையை இழுத்து
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.