ஜிப்

குஹ்மோ சுகாதார நிலையத்திலிருந்து
பதினோரு பக்கப் படிவம் வந்திருக்கிறது.
கேள்விக்கு மூன்று கட்டங்கள்:
தானே செய்கிறான். உதவியுடன். செய்வதில்லை.

பல் துலக்குவது: உதவியுடன்.
பிரஷ் வாய்க்குள் போகும், அங்கேயே தங்கும்.
கண்ணாடிக்குள் நிற்கிற பையனுக்கு
ஓட்சோ மோய் சொல்லிக்கொண்டிருப்பான்.

ரொட்டியில் வெண்ணெய் தடவுவது: தானே.
ஒரு ரொட்டிக்கு அரை டப்பா என்பதை
எழுத இடம் விடவில்லை.

ஆடை அணிவது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
நீங்கள் கேட்பது எந்த ஆடையை?
கம்பளி உள்சட்டை, கம்பளிக் காலுறை,
தோள்வரை ஏறும் பனிக்கால்சட்டை,
கழுத்துக் குழாய், காது மூடும் தொப்பி,
கோட்டு, பூட்ஸ், பிறகுதான் கையுறை.
கையுறையை முதலில் மாட்டிவிட்டால்
எல்லாம் ஆரம்பத்திலிருந்து.
அழுகையும் ஆரம்பத்திலிருந்து.
நாற்பத்தொரு நிமிடம். ஒருநாள் கடிகாரம் பார்த்தேன்,
பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.
பள்ளி டாக்சிக்காரர் வெய்யோ
இப்போதெல்லாம் ஃபிளாஸ்க்கோடு வருகிறார்.

யார்க்கோவின் ஆட்கள் ஏரிக்கு மேற்கே,
என் ஆட்கள் கிழக்கே.
தேவாலயப் பதிவேட்டில் ஏழு தலைமுறை பின்னே போனால்
இரண்டு பேரும் ஒரே வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.
அங்கிருந்து ஆளுக்கு ஓர் எழுத்துப்பிழையை
பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.
பிழை தனித்திருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.
மகனிடம் இரண்டும் சந்தித்தன:
அவன் செல்கள் தங்கள் குப்பையை
வெளியே கொட்டத் தெரியாதவை.

டாக்டர் படிவத்தின் பின்பக்கம் ஒரு மலை வரைந்தார்.
பதினைந்து வரை ஏறுவான், என்றார்.
அப்புறம் பேனாவை அவர் எங்கே கொண்டுபோனார் என்று
நான் பார்த்தேன். யார்க்கோ ஜன்னலைப் பார்த்தான்.

ஓட்சோவுக்குப் பன்னிரண்டு.

ஜிப்புக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
சிகிச்சையாளர் காட்ரி பழைய பையில் பழக்கினாள்,
யார்க்கோ இழுவையில் தூண்டில் வளையம் ஒன்றைக் கோர்த்தான்.
கீழ்முனையைப் பெட்டிக்குள் செருகுவதுதான் சிரமம்.
மூச்சுப் பிடித்து, நாக்கை ஓரம் கடித்து,
செருகியது நழுவ, மறுபடி செருகி.

நவம்பரில் ஒரு செவ்வாய் அது ஏறியது.
சர்ரென்று மோவாய் வரை.
கீழே இறக்கினான். ஏற்றினான்.
வெய்யோ ஹாரன் அடிக்கவில்லை,
இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார்.
பதினான்கு தடவை எண்ணினேன்.
சந்தோஷத்தில் ஒரு கஞ்சத்தனம் வந்தது எனக்கு:
ஒவ்வொரு தடவையையும் எடுத்து
எங்கேயாவது போட்டுவைக்க வேண்டும் போல.

எழுத வேண்டியதை மறந்துபோகிறேன். ஹில்லா.

ஹில்லாவுக்கு ஐந்து வயது.
மூன்று வயதிலேயே தன் ஜிப்பைத் தானே போட்டவள்,
"நானே!" என்று என் கையைத் தட்டிவிட்டவள்.
இப்போது ஒரு வாரமாக
கோட்டைத் திறந்துபோட்டு நடைவழியில் நிற்கிறாள்.
"எனக்கு வரமாட்டேங்குது, ஓட்சோ."
ராட்சசி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.
அவன் முட்டி போட்டு உட்கார்ந்து,
தன் பெரிய கையுறைகளைப் பல்லால் கழற்றி,
அவளுடைய சின்ன ஜிப்பைத் தேடுகிறான்.
நேரமாகிறது. நான் வாய் திறப்பதில்லை.

ஒன்பதாம் பக்கம்:
பிறர் உடுத்திக்கொள்ள உதவுகிறானா?

இந்தக் கேள்வியை எழுதியவர் யாரோ,
என்ன நினைத்து எழுதினாரோ.
பேனாவைக் கட்டத்தின் மேல் பிடித்திருக்கிறேன்.
நடைவழியில் ஹில்லா சொல்கிறாள்,
"கழுத்தைக் கடிக்காம, மெதுவா."