ஆறாம் லேன், ஐம்பது மீற்றர்

இடது பக்கம் ஒருநாளும் ஒழுகியதில்லை.
வலதுதான்.
பாய்ந்து நீரைத் தொடும் அந்தக் கணத்தில்
யாரோ தேத்தண்ணிக் கோப்பையைச் சரித்ததுபோல
குளோரின் உள்ளே வந்து குந்திக்கொள்ளும்.
பிறகு சுவர் வரைக்கும்
அரைக்குருடியாய்ப் போகவேண்டும்.

பட்டியை இறுக்கிப் பார்த்தேன்.
திங்கட்கிழமை லீசிங் கந்தோரில்
தவணை தவறியவர்களின் கோப்புகளுக்கு முன்னால்
கண்ணைச் சுற்றி இரண்டு செவ்வளையங்களோடு இருந்தேன்.
"அக்கா, அவர் அடிச்சவரோ?" என்று
பக்கத்து மேசை றிஸ்மியா கேட்டாள்,
மெல்லிய குரலில், மெய்யான கவலையோடு.

புறக்கோட்டையில் வாங்கியதைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு
கொள்ளுப்பிட்டியில்
சம்பளத்தின் எட்டிலொன்றுக்குப் புதிது வாங்கினேன்.
மூக்குப் பாலத்தை மூன்றுதரம் மாற்றினேன்.
வழுக்கும் என்று சன்கிறீமைக்
கன்னம் எரியச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
ஒற்றை மயிர் றப்பருக்கடியில் சிக்கினாலும்
தண்ணீருக்கு அது வாசற்படி என்றார்கள்.
ஒரு தொப்பி, அதன்மேல் பட்டி,
பட்டியின்மேல் இன்னொரு தொப்பி.
மண்டை புட்டுக்குழலாய் அவிந்தது.
வலது ஒழுகியது.

ஐந்தாம் லேன் இமேஷா, காப்புறுதிக் கொம்பனி,
என் பாய்ச்சலை ஃபோனில் எடுத்து
மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.
"ஒளுவ" என்றாள். தலை.
திரையில் ஒருத்தி கட்டையை விட்டுக் கிளம்புகிறாள்.
கைகள் பூட்டியபடி. கால்கள் சரி.
நீருக்கு ஒரு சாண் இருக்கையில்
கழுத்து எழும்புகிறது,
எங்கே விழுகிறோம் என்று பார்க்க.

பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
தண்ணீர்.
நேற்றும் அங்கேதான் இருந்தது.
ஆனால் நான்
கடிதத்தை அனுப்பிவிட்டுத் திறந்து வாசிப்பவள்,
காலி வீதியில் ஒருவழிப் பாதையிலும்
இரண்டு பக்கமும் பார்த்துக் கடப்பவள்.

இரண்டு கிழமை.
புயங்கள் காதை நசிக்க, நாடி நெஞ்சில் பட,
உச்சந்தலையைக் கைகளின் பின்னால் ஒளித்துவைத்து,
விரல் திறந்த அதே ஓட்டைக்குள்
தலையும் இடுப்பும் பாதமும்.
முதல் பத்துத் தரம்
வயிறு பளாரென்று அடிவாங்கியது.
பதினோராவதில் சத்தம் இல்லை.

சனிக்கிழமை, டொரிங்டன் தடாகம்.
முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்கள்.
ஒலிபெருக்கி என் பெயரை நடுவில் முறித்து
யோக, வதினி என்று இரண்டு பேராக அழைத்தது.
இரண்டு பேரும் ஏறி நின்றோம்.
கால்விரல் நகத்தைப் பார்த்தேன்.
விசில்.

வறண்டிருந்தது.
வலதும்.

அடியில் கறுப்புக் கோடு, அதில் ஓடு பெயர்ந்த இடம்,
யாருடையதோ பிளாஸ்டர்,
ஒரு கொண்டையூசி,
ஐந்தாம் லேனில் இமேஷாவின் குதிகால்
குமிழிகளை உதறிக்கொண்டு முன்னே போவது,
வெயில் தரையில் பின்னிய வலை,
எல்லாம் தெரிந்தது.
எவ்வளவு வடிவாக இருந்தது.
அதுதான் பிழை.

குருடியாய் நீந்திய காலத்தில்
கைவீச்சை எண்ணுவேன். நாற்பத்தேழில் சுவர்.
இம்முறை பத்தொன்பதில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.
சுவர்தான் வந்து என் விரலில் மோதியது.
நாற்பத்தொரு செக்கன் அறுபத்திரண்டு.
போன வருடம், ஒரு கண்ணோடு,
நாற்பது தொண்ணூற்றெட்டு.

"ஒழுகியதா?" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து
மூச்சு வாங்கக் கேட்டாள் இமேஷா.
இல்லை என்றேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
ஆறாம் இடத்துக்கு அது கொஞ்சம் அதிகம்.

பதக்கங்கள் கொடுத்து முடிந்து
ஆட்கள் பஸ்ஸுக்குக் கலைந்த பிறகு
பாயாமல், ஏணியால் இறங்கி,
அடிவரை போனேன்.
காது அடைத்தது.
கண்ணாடி கன்னத்தை உறிஞ்சிப் பிடித்தது.

கொண்டையூசி துருப்பிடித்திருக்கிறது.
ஆனாலும்
தவணைக் கோப்பில் நாலு கடதாசி பிடிக்கக் காணும்.