தட்டுக் கழுவுதல், இரண்டாம் ஆண்டு

பதினொரு வருஷம் டிரெஸ்டன் நகரின்
நிலவறை உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவினேன்.
இப்போதும் கழுவுவது தட்டுத்தான்.
முகம் தெரியும் சிலிக்கன் தட்டு,
பெட்டிக்கு இருபத்தைந்து.
சோப்பு இல்லை. அமிலம், பிறகு தண்ணீர்,
பிறகு இன்னும் தண்ணீர்.
அதைக் குடித்துவிடாதே என்றாள் ஹென்ரிக்கே:
அதில் எதுவுமே இல்லை,
உன்னிடம் இருக்கும் உப்பைக் கேட்கும்.

பயிற்சி தரும் அவளுக்கு இருபத்தாறு.
வகுப்பில் மற்றவர்கள் அவளுக்கும் இளையவர்கள்.
எனக்கு நாற்பத்து மூன்று.
அடையாள அட்டையில் பெயருக்கு இடம் போதவில்லை:
செல்வநி.
மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

திங்கள், செவ்வாய் தொழிற்பள்ளி.
மற்ற மூன்று நாள் தொழிற்சாலை.
நடுவே ஏழாம் எண் ட்ராம்.
இரண்டுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு,
நாற்பது பக்கம், இரண்டு முத்திரை.
அங்கே பிழை விட்டால் சிவப்பு மை.
இங்கே பிழை விட்டால்
ஒரு காரின் விலை.

உள்ளே போகுமுன்
வாசனை கூடாது, கண்மை கூடாது, பவுடர் கூடாது.
திருநீறு என்று படிவத்தில் இல்லை.
நானே சேர்த்துக்கொண்டேன்.
தலைக்கு வலை, வலைக்கு மேல் முக்காடு,
கையுறைக்கு மேல் கையுறை.
பசைப் பாயில் ஒவ்வொரு காலாக
பூமியைக் கழற்றிவிட்டு
மஞ்சள் வெளிச்சத்துக்குள் நடக்க வேண்டும்.
அங்கே எந்நேரமும் பின்னேரம் நாலரை.
மெதுவாய் நட,
விரைபவன் நிமிடத்துக்கு லட்சம் துகள் உதிர்க்கிறான்.
கதைப்பதென்றால் திரும்பி நின்று கதை.

எங்கள் கோடுகளின் அகலம் எண்பது நானோமீட்டர்.
கடலில் மயிரிழையில் தப்பினோம் என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!
மயிரிழை இங்கே அகன்ற வீதி.
ஆயிரம் கோடு பக்கம் பக்கமாய்ப் போகும்.

நவம்பரில், பள்ளிக் கூடத்தில் நாங்களே செய்த
இருபத்தைந்து தட்டுகளை
அளப்பதற்காக ட்ராமில் கொண்டுவந்தேன்.
பெட்டி என் மடியில்.
சீட்டுப் பரிசோதகர் கேட்டபோதும் கையை எடுக்கவில்லை,
யானிக்தான் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

பத்தொன்பது கெட்டிருந்தன.

எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.
நான் நெற்றியை நினைத்தேன்.
தட்டுச் செய்த நாளுக்கு முதல் நாள் சூரன்போர்.
மூன்று தரம் கழுவினேன், என்றாலும்
நெற்றிக்கு ஞாபகம் அதிகம்.
நானாக இருக்கலாம் என்றேன்.
ஹென்ரிக்கே நிமிரவில்லை.
இங்கே யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை, செல்வநி,
அளந்து பார்ப்போம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில்
அந்தத் தூசி ஒரு சாம்பல் மலை.
அதன் மூலகங்கள் திரையில் ஒவ்வொன்றாய் எழுந்தன.
முதலில் கல்சியம்.
என் நெஞ்சு தொண்டைக்கு வந்தது. சாம்பலிலும் அதுதான்.
பிறகு, கோபுரம் கட்டியதுபோல்
டைட்டானியம்.

திருநீற்றில் யாரும் டைட்டானியம் கலப்பதில்லை.

வெள்ளைப் பெயின்ட் என்றாள் ரோன்யா.
பள்ளிக் கூரையின் மூலை, மழை ஒழுகிய இடம்,
கோடை விடுமுறையில் அவசரமாய்ப் பூசியது,
எங்கள் மேசைக்கு நேர் மேலே
உரிந்துகொண்டிருந்தது.

நாற்பது பக்கத்தில் கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை.
பள்ளி தொழிற்சாலையைப் பார்த்தது,
தொழிற்சாலை பள்ளியைப் பார்த்தது,
ஒரு கூட்டம், அதன்பின் இன்னொரு கூட்டம்,
காப்பி, உலர்ந்த கேக்.
அதற்குள் யானிக் ஏணியில் ஏற
நான் ஏணியைப் பிடிக்க
ரோன்யா பிளாஸ்டிக் தாளை நீட்டினாள்.
அந்த வேலைக்கு மதிப்பெண் எதுவும் இல்லை.

தேர்வு மாசியில்.
பதினெட்டுத் தட்டுகள் மறுபடி அமிலத்துக்குப் போயின.
ஒன்றை எனக்குத் தந்தாள் ஹென்ரிக்கே,
பின்புறம் தேதி எழுதி,
முழுப் பெயரையும் எழுதி.
சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார் கணவர்.
நான் சமையலறை அலுமாரியில்
தட்டுகளோடு வைத்திருக்கிறேன்.