கொடுத்து வைத்தவள்

ஜூலையிலேயே ஜனவரியைத்
தவணையில் வாங்கும் ஊர் அது.
கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும் வெயில் மாதத்திலும்
வில்மா டாஸ்கரின் கணக்கிலிருந்து
ஒன்றாம் தேதி தவறாமல் தொண்ணூற்று நாலு பவுண்டு
லார்க்ஃபீல்ட் எனர்ஜிக்குப் போகும்.
இன்னும் எரிக்காத எரிவாயுவுக்கு முன்பணம்.

எங்கள் பாஷையில் அவளைக்
கொடுத்து வைத்தவள் என்போம்.
அதற்கு வேறு அர்த்தம்.
பரவாயில்லை, இதற்கும் இருக்கட்டும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்.
கிரிம்ஸ்பி மீன் ஆலையில் பத்து மணி நேரம்
ஹாடக் துண்டுகளை எடைபோட்டு அடுக்கிவிட்டுப்
பேருந்தில் திரும்பும்போது
முன் இருக்கைக்காரரின் கைபேசியில் செய்தி ஓடியது:
லார்க்ஃபீல்ட் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது.
(பேருந்தில் யாரும் இப்படிச் சொல்லவில்லை.
'மண்ணாப் போச்சு' என்பதற்கு அங்கே உள்ள சொல்லை
நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.)

கோட்டைக்கூடக் கழற்றாமல்
மாடிப்படிக்கு அடியில் குனிந்து
வேக்குவம் கிளீனரையும் கிறிஸ்துமஸ் மரப் பெட்டியையும் தள்ளி
மீட்டரைப் படமெடுத்தாள்.
நாலு, ஒன்று, எட்டு, ஏழு,
கடைசி எண்ணின் மேல் கட்டைவிரல் நிழல்.
மூன்றா, எட்டா?

"பதற வேண்டாம். உங்கள் பணம் பத்திரம்.
எதுவும் செய்யாதீர்கள்.
புதிய நிறுவனம் தானே தேடி வரும்"
என்றது அரசாங்கக் குரல்.
வந்தது.
வரவேற்புக் கடிதம், ஏறிய விலைப்பட்டியல்,
முன்னிருப்பு: பூஜ்யம்.

இருநூற்றுப் பதினேழு பவுண்டு நாற்பது பென்ஸ்
எந்தக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது?

லார்க்ஃபீல்டின் செயலி மட்டும் சாகவில்லை.
தொட்டால் மஞ்சள் வானம்பாடி ஒன்று சிறகடிக்கும்,
சிறகடிக்கும்,
சிறகடித்துக்கொண்டே இருக்கும்.
நவம்பர் டிசம்பர் இரவுகளில்
ரேடியேட்டரை அணைத்துவிட்டு
போர்வைக்குள்ளிருந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள்,
ஆடும் பல்லை நாக்கு சும்மா விடாதது போல.

பதினோராவது முறை போன் செய்தது பிப்ரவரியில்.
நாற்பத்தாறு நிமிடப் பியானோவுக்குப் பின்
ஆல்பி என்றொரு பையன்.
பேச்சில் சண்டர்லாண்டு இழுவை.
கணக்கு எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.
மூன்றாம் எழுத்திலேயே நிறுத்தினான்.
"நடுவில் ஒரு கோடு வருமே?
அந்தக் கோட்டை விட்டுவிட்டுத் தட்டினால்தான் திறக்கும்."
"உனக்கெப்படித் தெரியும்?"
சற்று நேரம் கீபோர்டுச் சத்தம்.
"நான் அங்கேதான் இருந்தேன். லார்க்ஃபீல்டில், மூன்றாம் மாடி.
யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டினோம்,
மறுநாள் கதவைப் பூட்டிவிட்டார்கள்."
பிறகு, படத்தைப் பார்த்துவிட்டு:
"மூன்று என்றே போடுகிறேன்."

"உன் பணம்?" என்றாள் வில்மா.
"செப்டம்பர் சம்பளமா?
வாடிக்கையாளர் பணத்துக்குச் சட்டம் இருக்கு, மேடம்.
எங்களுக்கு ஒரு படிவம் இருக்கு."
சிரித்தானா இருமினானா, தெரியவில்லை.

மார்ச்சில் வந்தது பணம்,
கைக்கு அல்ல, புதிய பில்லின் ஓரத்துக்கு.
பழைய விலையில் சேர்த்த சூடு
புதிய விலையில் பாதிதான் காயும்.
அதுவும் இருநூற்றுப் பதினேழு பவுண்டு
நாலு பென்ஸ்.
பூஜ்யத்தை யாரோ இடம் மாற்றிவிட்டார்கள்.

முப்பத்தாறு பென்ஸ்.
ஆலையில் சொன்னபோது சிரித்தார்கள்.
திங்கள் காலை, ஷிஃப்டுக்கு முன்,
ரேடியேட்டரைத் திருகிவிட்டு
அதன்மேல் முதுகைச் சாய்த்தபடி போன் செய்தாள்.
புகார் என்ன என்று கேட்டது இயந்திரம்.
முப்பத்தாறு பென்ஸ் என்றாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது
அந்தப் பையனுக்குச் சம்பளம் வந்துவிட்டதா என்பது.
அதற்கு எந்த எண்ணை அழுத்துவது?

பியானோ தொடங்கியது.